கடைவீதியைக் கடைவீதியாகவே வடிவமைக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடைகள் நிறைந்த முதன்மைச் சாலைகளில் நேரும் விபத்துகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவரும் வாசகர் கடிதங்களைத் தொடர்ந்து படித்து வருகிறேன். பாதசாரிகள் கண்ட இடத்தில் குறுக்கே புகுகிறார்கள் என்று ஒருவரும், சைக்கிளில் செல்வோர் எதிர்த்திசையில் வருகிறார்கள் என்று இன்னொருவரும், ஓட்டுநர்கள் கண்மண் தெரியாமல் ஓட்டுகிறார்கள் என்று மூன்றாமவரும் எழுதியிருந்தார்கள். மூன்று குறைகளும் உண்மையே. ஆனால் ஒரே சாலையில், ஆண்டுக்கணக்காக, வெவ்வேறு மனிதர்கள் ஒரே தவற்றைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள் என்றால், அந்தத் தவற்றுக்கு வழிவிடும் சாலையையும் நாம் விசாரிக்க வேண்டும். நான் அத்தகைய சாலையில் நடப்பவன், சைக்கிள் மிதிப்பவன், கார் ஓட்டுபவன். மூன்று தரப்பினரின் கோபமும் எனக்குத் தெரியும் என்பதால்தான் சற்று விரிவாகவே எழுதத் துணிகிறேன்.

கடைவீதியாகிவிட்ட ஒரு முதன்மைச் சாலையிடம் நாம் ஒன்றுக்கொன்று ஒவ்வாத இரண்டு வேலைகளை எதிர்பார்க்கிறோம். தொலைவிலிருந்து வரும் வாகனங்கள் தடையின்றி அதைக் கடந்து போக வேண்டும் என்கிறோம். அதே சாலையில் மக்கள் இறங்கி, நின்று, எதிர்ப்பக்கம் போய், பொருள் வாங்கித் திரும்பவும் வேண்டும் என்கிறோம். முதல் வேலைக்கு அகலமான தடங்களும் குறைவான குறுக்கீடுகளும் தேவை. இரண்டாவது வேலையோ முழுக்க முழுக்கக் குறுக்கீடுகளால் ஆனது: கதவு திறக்கும், வண்டி பின்னால் எடுக்கப்படும், குழந்தை கையை உதறிக்கொண்டு ஓடும், சரக்கு வேன் நிற்கும். நெடுஞ்சாலையின் அகலமும் சந்தையின் நெரிசலும் ஒரே இடத்தில் சேரும்போதுதான் உயிர்கள் போகின்றன. ஆகவே, அந்தச் சாலை எதற்காக இருக்கிறது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். கடைகள் வரிசையாக வந்துவிட்ட இடத்தில் அது சென்று சேரும் இடமாகிவிட்டது, கடந்து போகும் வழியாக இருப்பது அதற்கு இரண்டாம் வேலைதான் என்பது என் உறுதியான கருத்து. இந்த ஒரு முடிவை எடுத்துவிட்டால், வேகம் முதல் விளக்குக்கம்பம் வரை மற்ற எல்லாவற்றுக்கும் விடை அதிலிருந்தே கிடைத்துவிடும்.

வேகத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் மற்றவை எல்லாம் அதைச் சார்ந்தவை. ஆபத்தைக் கண்ட ஓட்டுநரின் கால் பிரேக்கை அடைய ஏறத்தாழ ஒன்றரை வினாடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் அந்த ஒன்றரை வினாடியில் மட்டும் சுமார் 21 மீட்டர் போய்விடும். உலர்ந்த சாலையில் நன்றாகப் பிரேக் பிடித்தாலும் முழுதாக நிற்க மேலும் 14 மீட்டர் வேண்டும். 30 கி.மீ. வேகத்தில் செல்லும் காரோ மொத்தமாகவே 18 மீட்டருக்குள் நின்றுவிடும். இதன் பொருளை ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும். 18 மீட்டர் தொலைவில் ஒருவர் திடீரெனச் சாலையில் கால் வைத்தால், 30-இல் வரும் கார் அவரைத் தொடாமல் நின்றுவிடும். 50-இல் வரும் கார் பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்கு முன்பே, வேகம் சிறிதும் குறையாமல், அவர் மீது மோதியிருக்கும். இரண்டு ஓட்டுநர்களும் ஒரே அளவு கவனமானவர்கள், ஒரே அளவு நல்லவர்கள். வேறுபாடு வேகத்தில் மட்டுமே இருக்கிறது. மோதலின் ஆற்றல் வேகத்தின் இருபடியாகக் கூடுவதால், 50-இல் அது 30-இல் இருப்பதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. சராசரி வேகம் ஒரு விழுக்காடு கூடினால் உயிரிழப்பு விபத்துக்கான அபாயம் நான்கு விழுக்காடு கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுவதும் இதே காரணத்தால்தான்.

நடப்போரும் வாகனங்களும் கலந்து இயங்கும் இடங்களில் உச்சவேகம் மணிக்கு 30 கி.மீ. ஆக இருக்க வேண்டும் என்று 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக அமைச்சர்கள் மாநாட்டின் பிரகடனம் வலியுறுத்தியது. ஸ்பெயின் 2021 மே மாதம் முதல், ஒரு திசைக்கு ஒரு தடம் மட்டுமே உள்ள நகரச் சாலைகளில் இதைச் சட்டமாகவே ஆக்கியது. பாதிக்கும் மேற்பட்ட தெருக்களில் 30 கி.மீ. வரம்பை நடைமுறைப்படுத்திய ஹெல்சிங்கி நகரில் 2024 ஜூலை தொடங்கி ஓராண்டுக் காலம் சாலை விபத்தில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. ஓஸ்லோ நகரில் 2019-ஆம் ஆண்டு முழுவதும் நடந்து சென்றவரோ சைக்கிளில் சென்றவரோ ஒருவர்கூடச் சாலையில் இறக்கவில்லை. இவை குளிர்நாட்டு நகரங்கள், அங்குள்ள மக்கள் வேறு மாதிரியானவர்கள் என்று சிலர் சொல்லக்கூடும். அந்த நகரங்களிலும் சில பத்தாண்டுகளுக்கு முன்பு மக்கள் சாலையில் இறந்துகொண்டுதான் இருந்தார்கள். மாறியது சாலையும் சட்டமும்.

வேகத்தைக் குறைத்தால் நேரம் வீணாகும் என்ற வாதத்துக்கும் கணக்கிலேயே விடை இருக்கிறது. இரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள கடைவீதியை எங்கும் நிற்காமல் 50-இல் கடக்க 2 நிமிடம் 24 வினாடி ஆகும்; 30-இல் கடக்க 4 நிமிடம். அதாவது, அதிகபட்ச இழப்பு 96 வினாடிதான். சிக்னலும் நெரிசலும் உள்ள எந்தக் கடைவீதியிலும் ஒருவர் இடைவிடாமல் 50-இல் செல்வதில்லை என்பதால் உண்மையான இழப்பு இதிலும் குறைவு. ஒரு சிவப்பு விளக்கிலிருந்து அடுத்த சிவப்பு விளக்குக்கு விரைந்து போய்க் காத்திருப்பதைத்தான் நாம் வேகம் என்று எண்ணிக்கொள்கிறோம்.

ஆனால் வேகவரம்புப் பலகையை நட்டுவிட்டு வேலை முடிந்தது என்று போய்விடக் கூடாது. ஓட்டுநர்கள் பலகையைவிடச் சாலையையே நம்புகிறார்கள். மூன்றரை மீட்டருக்கு மேல் அகலமான தடமும், நேராக நீளும் பார்வையும், வளைந்து அகன்ற திருப்பமும் "வேகமாகப் போ" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது, கம்பத்தின் உச்சியில் உள்ள ஓர் எண் என்ன செய்துவிட முடியும்? தடத்தை மூன்று மீட்டர் அளவுக்குக் குறைத்தால் ஓட்டுநரின் கால் தானாகவே தளர்கிறது. மிச்சமாகும் அகலம் நடைபாதைக்கும் சைக்கிள் பாதைக்கும் கிடைக்கிறது. தெருமுனையின் வளைவைச் சிறிதாக்கினால், திரும்பும் வண்டி நடைவேகத்துக்கு இறங்கியே தீர வேண்டும். நடப்பவர் கடக்க வேண்டிய தூரமும் அதனாலேயே குறையும். பக்கத் தெருக்கள் வந்து சேரும் இடங்களில், நடப்பவரை இறக்கி ஏற்றாமல், நடைபாதையை அதே உயரத்தில் தொடர்ந்து கொண்டுபோய் வாகனத்தை அதன் மீது ஏறி இறங்கச் செய்தால், அங்கே யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்பதை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. முன்னறிவிப்பே இல்லாமல் இரவோடிரவாகப் போடப்படும் செங்குத்தான வேகத்தடைகளை நான் இதில் சேர்க்கவில்லை. அவை சைக்கிளையும் இருசக்கர வாகனத்தையும் கவிழ்ப்பவை. ஆம்புலன்ஸில் உள்ளவருக்கு வேதனை தருபவை. கடக்கும் இடம் முழுவதையும் மேடை போல உயர்த்தி, இருபுறமும் சரிவு கொடுப்பதே முறையான வழி.

சாலையைக் கடப்பதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், பல தடங்கள் கொண்ட ஒரு கடைவீதியில் நான் கார் ஓட்டிச் சென்றபோது, பாதசாரிகள் கடக்கும் வரிக்கோட்டில் காத்திருந்த ஒரு முதியவருக்காக வண்டியை நிறுத்தினேன். அவர் எனக்குக் கை காட்டி நன்றி சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கினார். என் காரின் முன்பகுதியைத் தாண்டி அவர் ஓர் அடி எடுத்து வைத்ததுதான் தாமதம், அடுத்த தடத்தில் ஒரு வேன் குறையாத வேகத்தில் அவருடைய பையை உரசிக்கொண்டு போனது. வேன் ஓட்டுநருக்கு அவர் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. என் கார்தான் அவரை மறைத்திருந்தது. நல்லெண்ணத்தோடு நிறுத்திய நானே அவரை மரணத்தின் வாசலுக்கு அனுப்பிவைத்தேன் என்ற நினைப்பு இன்றும் என்னை விட்டு அகலவில்லை. பின்னர் தேடிப் படித்தபோதுதான், இது பலதடச் சாலைகளில் அடிக்கடி நேரும், பொறியாளர்கள் நன்கு அறிந்த ஆபத்து என்று தெரிந்தது. வரிக்கோட்டை ஒட்டி இருக்கும் நிறுத்தக்கோட்டைப் பல மீட்டர் பின்னுக்குத் தள்ளி வரைந்தால், முதல் வண்டி தொலைவிலேயே நிற்கும். கடப்பவரை அடுத்த தடத்தில் வருபவர் பார்க்கவும் முடியும். இதற்கு ஆகும் செலவு ஒரு டப்பா பெயின்ட். ஒரு திசைக்கு ஒரு தடம் என்று சாலையைக் குறைத்துவிட்டால் இந்த ஆபத்து அடியோடு இல்லாமல் போகும்.

கடக்கும் தூரம் நீண்டதாக இருக்கும் இடங்களில், சாலையின் நடுவே, நின்று இளைப்பாற ஒரு பாதுகாப்பான திட்டு தேவை. சிக்னலின் பச்சை நேரத்தைக் கணக்கிடும்போது ஒருவர் வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று கொள்வது பொதுவான வழக்கம். அந்தக் கணக்கில் 15 மீட்டர் சாலையைக் கடக்க 12 அல்லது 13 வினாடி போதும். கைத்தடி ஊன்றி வினாடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் மூதாட்டிக்கு அதே சாலை ஏறக்குறைய 19 வினாடி. எஞ்சிய ஆறு வினாடியை அவர் நகரத் தொடங்கிவிட்ட வண்டிகளின் நடுவே கழிக்கிறார். நடுவில் இரண்டு மீட்டர் அகலத் திட்டு ஒன்று இருந்தால், அவர் ஒரு நேரத்தில் ஒரு திசையை மட்டும் பார்த்து, பாதி பாதியாகக் கடந்துவிடுவார். அதோடு, வாகனங்களுக்குப் பச்சை விழுவதற்கு மூன்று முதல் ஏழு வினாடி முன்பாகவே நடப்பவர்களுக்குப் பச்சை காட்டினால், திரும்பும் வண்டிகள் வருவதற்குள் அவர்கள் சாலையின் நடுப்பகுதியை அடைந்து கண்ணில் பட்டுவிடுவார்கள். இது சிக்னல் பெட்டிக்குள் செய்யும் ஒரு நேரமாற்றம் மட்டுமே.

இத்தனையும் இருக்க, பாதசாரிகளின் பாதுகாப்பு என்றவுடன் பல இடங்களில் முதலில் முன்மொழியப்படுவது நடைமேம்பாலம். இதை நான் முற்றிலும் எதிர்க்கிறேன். உயரமான லாரிகள் அடியில் போக வேண்டும் என்பதால் அந்தப் பாலம் சுமார் ஆறு மீட்டர் உயரத்தில் இருக்கும். அதாவது, எதிரே தெரியும் கடைக்குப் போக ஒருவர் ஏறத்தாழ 40 படி ஏறி 40 படி இறங்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர், கர்ப்பிணி, சக்கர நாற்காலியில் வருபவர், இரண்டு கையிலும் சுமை தூக்கி வருபவர் ஆகிய எவருக்கும் அது உதவாது. மின்தூக்கி வைத்தால் அது பழுதடையும் நாளெல்லாம் அவர்கள் வீட்டில் இருக்க வேண்டியதுதான். பாலம் கட்டிய பிறகும் மக்கள் கீழேயே கடக்கிறார்கள் என்று அவர்களைக் குறை சொல்கிறோம். இயந்திரத்தில் அமர்ந்திருப்பவர் சமதளத்தில் நேராகப் போகவும், காலால் நடப்பவர் மாடியேறி இறங்கவும் வேண்டும் என்ற ஏற்பாட்டில் நியாயம் எங்கே இருக்கிறது? அவசரமாகக் கடக்க முயன்று அடிபடுபவரைப் பார்த்து "பாலம் இருக்கிறதே" என்று சொல்வதற்குத்தான் அந்தப் பாலம் பயன்படுகிறது.

சைக்கிளில் செல்வோருக்கு வேறு வகை ஆபத்து. நிறுத்தியிருக்கும் கார்களை ஒட்டி ஒரு வெள்ளைக் கோடு போட்டு, அதைச் சைக்கிள் பாதை என்று அறிவித்துவிடுகிறார்கள். திறக்கும் கார்க்கதவு ஏறத்தாழ ஒரு மீட்டர் வெளியே நீளும். அந்தப் பாதையின் பெரும்பகுதி அந்த ஒரு மீட்டருக்குள்தான் இருக்கிறது. கதவில் மோதியவர் விழுவது பின்னால் வரும் வண்டியின் சக்கரத்தடியில். சைக்கிள் பாதையை நடைபாதையை ஒட்டி அமைத்து, கார் நிறுத்தும் இடத்தை அதற்கு வெளியே தள்ளி, இரண்டுக்கும் இடையே கதவு திறக்கும் அளவுக்குச் சிறு இடைவெளி விட்டால், அதே அகலத்தில் அதே கார்களே சைக்கிளுக்கு அரணாகிவிடும். காரில் இருப்பவர்களும் ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொள்ளலாம்: கதவுக்கு அருகில் உள்ள கையால் திறக்காமல், மறுகையை நீட்டித் திறந்தால் உடல் தானாகவே திரும்பும், கண் பின்னால் பார்க்கும். பிரிட்டனின் சாலை விதிநூலில் இது 2022 ஜனவரியில் சேர்க்கப்பட்டது. வடிகால் மூடிகளின் கம்பிகள் சைக்கிள் போகும் திசையிலேயே நீண்டிருந்தால் மெல்லிய சக்கரம் அதில் சிக்கிக்கொள்ளும் என்பதைச் சொல்லவே எனக்குத் தயக்கமாக இருக்கிறது, அவ்வளவு எளிய செய்தி அது. இருந்தும் அத்தகைய மூடிகள் இன்னும் போடப்பட்டுக்கொண்டேதான் இருக்கின்றன.

இவையெல்லாம் வாகன ஓட்டிகளுக்கு எதிரானவை என்று எவரும் எண்ண வேண்டாம். கடைவீதியில் காரோட்டுவது எவ்வளவு களைப்பான வேலை என்பது ஓட்டுபவருக்குத்தான் தெரியும். ஒவ்வொரு கடைக்கும் தனித்தனி வாகன வாசல் இருப்பதால், பத்துப் பதினைந்து மீட்டருக்கு ஒருமுறை ஏதோ ஒரு வண்டி நுழைகிறது அல்லது வெளியேறுகிறது. எதிர்த்தடத்தைக் குறுக்காக வெட்டித் திரும்புபவர், பின்னால் ஹாரன் அடிப்பவரின் அவசரத்தில், கிடைத்த இடைவெளிக்குள் பாய்கிறார். அடுத்தடுத்த கடைகளின் வாசல்களை ஒன்றாக இணைத்து, நடுத்தடுப்பு அமைத்து, திரும்புவதற்குக் குறிப்பிட்ட இடங்களை மட்டும் ஒதுக்கினால் ஓட்டுநர் கவனிக்க வேண்டிய முனைகள் வெகுவாகக் குறைந்துவிடும். நான்கு சாலைகள் கூடும் சாதாரணச் சந்திப்பில் வாகனங்கள் ஒன்றோடொன்று மோதக்கூடிய புள்ளிகள் 32. அதையே ஒற்றைத்தட ரவுண்டானாவாக மாற்றினால் அவை 8. எஞ்சும் எட்டிலும் நேருக்கு நேர் மோதலோ செங்கோணத்தில் இடித்தலோ நேராது. குறைந்த வேகத்து உரசல்களே மிஞ்சும். இடம் கிடைக்கும் சந்திப்புகளில் எல்லாம் இதை முதலில் பரிசீலிக்க வேண்டும்.

வணிகர்களின் அச்சத்தையும் நான் அலட்சியப்படுத்தவில்லை. கடை வாசலில் கார் நிறுத்த இடமில்லை என்றால் வாடிக்கையாளர் வரமாட்டார் என்பது அவர்களுடைய கவலை. பிழைப்பைப் பற்றிய கவலை என்பதால் அது மதிக்கத்தக்கது. ஆனால், அந்தக் கவலை எந்தக் கணக்கின் மீது நிற்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். பெர்லின் நகரின் இரண்டு கடைவீதிகளில் நடத்தப்பட்டு 2021-இல் வெளியான ஆய்வில், தங்கள் வாடிக்கையாளரில் சுமார் 22 விழுக்காட்டினர் காரில் வருவதாகக் கடைக்காரர்கள் மதிப்பிட்டார்கள். வந்தவர்களையே கேட்டபோது அது 7 விழுக்காடுதான். கடைக்காரர் பெரும்பாலும் தாம் வரும் விதத்தை வைத்தே மற்றவரையும் கணிக்கிறார். காரில் வருபவர் இடமில்லை என்று சொல்லிக் குறைப்படுவதால் அவர் நினைவில் நிற்கிறார், நடந்து வருபவர் பேசாமல் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். ஒவ்வொரு கடைவீதிச் சங்கமும் ஒரு வாரம் தன் வாடிக்கையாளரிடம் "எப்படி வந்தீர்கள்?" என்ற ஒரே கேள்வியைக் கேட்டுப் பார்க்கட்டும். விடை வேறாக வந்தால், அதற்கேற்ப வாகன நிறுத்தத்தைத் திட்டமிடலாம். எந்த விடை வந்தாலும், கடக்கும் இடத்துக்கு முன்னால் ஆறு மீட்டருக்குள் எந்த வண்டியும் நிற்கக் கூடாது என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க இயலாது. நிறுத்திய வேனுக்குப் பின்னாலிருந்து வெளிப்படும் சிறுவனை எந்த ஓட்டுநராலும் முன்கூட்டிப் பார்க்க முடியாது.

சரக்கு ஏற்றி இறக்குவதைக் கூட்டமில்லாத காலைநேரத்துக்கு ஒதுக்குவது, பேருந்து நிறுத்தத்தைக் கடக்கும் இடத்துக்கு அப்பால் வைத்து, இறங்கியவர்கள் பேருந்துக்குப் பின்புறமாகக் கடக்கச் செய்வது, நடைபாதையில் எந்த இடத்திலும் இரண்டு சக்கர நாற்காலிகள் விலகிச் செல்ல 1.8 மீட்டராவது தடையின்றி விடுவது ஆகியவற்றுக்கு நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. விளக்கைப் பற்றி மட்டும் ஒரு சொல். கடக்கும் இடத்துக்கு நேர் மேலேயோ அதற்கு அப்பாலோ விளக்கு இருந்தால் ஓட்டுநருக்குத் தெரிவது வெறும் நிழலுருவம். வண்டி வரும் பக்கத்தில், கடக்கும் இடத்துக்குச் சற்று முன்னதாக விளக்கை அமைத்தால்தான் மனிதரின் முகமும் உடலும் ஒளிபெறும்.

இவற்றுக்கெல்லாம் பெரும் நிதி வேண்டும், பல ஆண்டு ஆகும் என்று அலுவலகங்களில் சொல்லப்படும். நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் 2009-இல் பிராட்வே சாலையின் ஒரு பகுதியை மூடியபோது, தற்காலிகத் தடுப்புகளையும் பெயின்ட்டையும் நாற்காலிகளையும் வைத்துத்தான் முதலில் சோதித்துப் பார்த்தார்கள்; பயன் தெரிந்த பிறகு, அடுத்த ஆண்டு அதை நிரந்தரமாக்க முடிவு செய்தார்கள். நம் கைக்கு இன்னும் எளிய ஒரு வாய்ப்பு இருக்கிறது. எந்தச் சாலைக்கும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுத் தார்த்தளம் போடுகிறார்கள். தளம் போட்ட பிறகு கோடுகளை எப்படியும் புதிதாகத்தான் வரைய வேண்டும். பழைய கோடுகளை அப்படியே மறுபடி வரைவதற்கும், தடத்தைக் குறுக்கி, நிறுத்தக்கோட்டைப் பின்தள்ளி, சைக்கிளுக்கு இடம் ஒதுக்கி வரைவதற்கும் செலவில் பெரிய வேறுபாடு இல்லை. அந்த நாளைத் தவறவிட்டால், அடுத்த தளம் வரை அதே சாலைதான்.

ஆகவே தங்கள் நாளிதழ் வாயிலாகச் சாலைப் பொறுப்பில் உள்ளவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். ஒரு கடைவீதியில் அடுத்த முறை தார் போடுவதற்கு முன், மூன்று அளவுகளை எடுத்துப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும்: நெரிசலற்ற நேரத்தில் 85 விழுக்காடு வாகனங்கள் எந்த வேகத்துக்குள் செல்கின்றன, ஒருவர் ஓரத்திலிருந்து ஓரம் கடக்க எத்தனை மீட்டர் நடக்கிறார், கடப்பதற்கு எத்தனை வினாடி காத்திருக்கிறார். தளம் போட்டு ஆறு மாதம் கழித்து அதே மூன்று அளவுகளை அதே இடங்களில் மறுபடி எடுத்து, இரண்டையும் அருகருகே வெளியிட வேண்டும். அந்த முடிவுகளைத் தாங்களும் தங்கள் பக்கங்களில் வெளியிடுவீர்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்